பூநகரியில் யாருடைய வீடு விழுகிறது, யாருடைய வீடு மீண்டும் எழுகிறது?

அண்மைக்கால வரலாற்றில் இலங்கையில் அதிக உயிர்களைப் பறித்த நிலநடுக்கத்தை இங்கிருந்தவர்களில் பெரும்பாலானோர் உணரவேயில்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்குச் சற்று முன்னர் சுமாத்ராவுக்கு அப்பால் கடலடியில் 9.1 அளவில் நிலம் நடுங்கியது. சுமார் இரண்டு மணி நேரத்தில் அதன் அலைகள் எமது கிழக்குக் கரையை வந்தடைந்தன. நாடு முழுவதும் 35,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமல் போயினர்.

அந்த நாட்களில் பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் விகாரைகளிலும் தேவாலயங்களிலும் அடைக்கலம் புகுந்த மக்கள் ஒன்றாக உண்டு உறங்கினார்கள். கடலுக்கு இனமும் இல்லை, மதமும் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். கடலைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் யாருக்கு வீடு, எந்த இடத்தில் வீடு, யார் மூலமாக வீடு என்ற கேள்விகள் எழுந்தபோது இனமும் பணமும் காணிப் பத்திரமும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

அனர்த்தத்தில் யார் அதிகம் இழக்கிறார்கள், அதன் பின்னர் யார் முதலில் எழுந்து நிற்கிறார்கள் என்பதைப் பெருமளவில் முன்கூட்டியே தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று, மனிதர் எந்த வீட்டில் வாழ்கிறார் என்பது. மற்றது, அந்த வீடும் காணியும் எந்தப் பதிவில் இருக்கின்றன என்பது. இதைப் பூநகரியை வைத்துப் பார்ப்போம். சுனாமி அங்கு பெரிய அழிவைச் செய்யவில்லை. எனினும் போர், வெள்ளம், புயல், வெளியேற்றம், மீள்குடியேற்றம் ஆகிய எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த நிலம் அது. முஸ்லிம்களும் தமிழர்களும் அந்தச் சுமையைச் சேர்ந்தே சுமந்திருக்கிறார்கள்.

நிலநடுக்கம் ஒன்று, மரணம் வேறு

2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டியில் 7.0 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. அடுத்த மாதம் 27ஆம் திகதி சிலியில் 8.8 அளவில் ஏற்பட்டது. வெளிப்பட்ட சக்தியைக் கணக்கிட்டால் சிலியில் ஏற்பட்டது ஹெய்ட்டியினதைவிடச் சுமார் 500 மடங்கு பெரியது. ஆனால் சிலியில் இறந்தவர்கள் 500 பேரளவில்தான். ஹெய்ட்டியில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இறந்தனர். நடுக்கத்தின் ஆழம், நகரங்களிலிருந்து அதன் தூரம் ஆகியவையும் இதற்குக் காரணம்தான். ஆயினும் பெரிய காரணம் வீடுகள். சிலி 1960இல் பெரும் நிலநடுக்கத்தைக் கண்ட நாடு. கட்டடச் சட்டத்தை எழுதியதோடு நில்லாமல் அதைப் பின்பற்றவும் செய்தது. ஹெய்ட்டியின் தலைநகரிலோ சரிவுகளில் மலிவான கொங்கிரீட்டில், போதிய கம்பி இல்லாமல் ஏழைகள் கட்டிய வீடுகள் நிறைந்திருந்தன.

1976 பெப்ரவரி 4 அன்று குவாத்தமாலாவில் சுமார் 23,000 பேர் இறந்தபோது, அதை வர்க்க நடுக்கம் என்றே பலர் அழைத்தார்கள். மலைநாட்டுப் பழங்குடி மக்களின் மண்கல் வீடுகளும் தலைநகரின் பள்ளத்தாக்குச் சேரிகளும் சரிந்தன. வசதியானவர்களின் குடியிருப்புகளுக்குப் பெரிய சேதம் இல்லை. 2023 பெப்ரவரி 6 அன்று துருக்கியிலும் சிரியாவிலும் 50,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கு 2018இல் விதிமீறிக் கட்டப்பட்ட கட்டடங்களுக்குக் கட்டணம் பெற்றுப் பொதுமன்னிப்பு வழங்கப்பட்டிருந்தது. அனுமதிப்பத்திரம் கிடைத்தது, ஆனால் அதனால் தூண்கள் பலமடையவில்லை.

பிழைத்தவர்களின் கதையிலும் இதே பேதம் தொடர்ந்தது. 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தின் பின்னர் வீடுகள் சேதத்தின் அளவுப்படி வகைப்படுத்தப்பட்டு நட்டஈடு வழங்கப்பட்டது. இழந்ததன் அளவுக்கு ஏற்பக் கொடுப்பது நியாயம் போலத் தோன்றும். ஆனால் பெரிய வீடு வைத்திருந்தவருக்கு அதிகமும், சிறிய வீடு வைத்திருந்தவருக்குக் குறைவும் கிடைப்பதே அதன் விளைவு. புஜ் நகரில் வாடகைக்கு இருந்தவர்கள், தாம் உரிமையாளர் அல்ல என்பதால் நீண்டகாலம் இழுபட்டார்கள். கூரை விழுந்தபோது அதன் கீழ் இருந்தது வாடகைக் குடும்பம். நட்டஈட்டுப் பட்டியலில் இருந்தது வேறொருவரின் பெயர்.

பூநகரியின் நிலமும் கூரையும்

பூநகரி கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்குப் புறம். வடக்கே யாழ்ப்பாணக் கடனீரேரி, மேற்கே பாக்குக் கடல். 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து மன்னார் வழியாக யாழ்ப்பாணம் செல்லும் வாகனங்கள் ஏ32 வீதியால் இந்த ஊர்களைக் கடந்து செல்கின்றன. மொட்டைக்கறுப்பன் நெல்லுக்குப் பெயர் பெற்ற மண் இது. மீன்பிடியும் மானாவாரி நெற்செய்கையும்தான் பெரும்பாலானோரின் வாழ்வாதாரம்.

தாழ்வான கரையோர நிலம் என்பதால் இங்கு அனர்த்தம் வருவதற்குப் பெரிய புயல் தேவையில்லை. வடகீழ்ப் பருவமழை பலத்தால் போதும், அக்கராயன் ஆறும் மண்டைக்கல்லாறும் கொண்டுவரும் நீர் வயலிலும் குடிமனையிலும் தேங்கும். கடல்நீர் உட்புகுந்தால் கிணறு உவர்க்கும். வெள்ளம் வடிந்த பின்னரும் நல்ல தண்ணீர் கிடைப்பதில்லை.

இந்த நிலத்தில் கல்வீடு வைத்திருப்பவருக்கு வெள்ளம் என்பது சில நாள் சிரமம். தகரக் கொட்டிலில் இருப்பவருக்கு அது வீட்டை இழப்பது. களிமண் சுவர் ஊறிச் சரியும், தகரம் காற்றில் போகும், பாயும் பாத்திரமும் பிள்ளைகளின் புத்தகமும் நனையும். மீனவருக்குப் படகும் வலையும் போகும். பிரதேசத்தின் சராசரிக் கணக்கில் இந்த வேறுபாடு தெரியாது. பாதிக்கப்பட்ட குடும்பங்கள் இத்தனை என்று ஒரே எண்ணாகத்தான் அது செய்தியில் வரும்.

ஏன் சிலருக்குக் கல்வீடும் சிலருக்குக் கொட்டிலும்? இதற்கு விடை மழையில் இல்லை, கடந்த 35 வருட வரலாற்றில் இருக்கிறது.

பழையவர்கள், புதியவர்கள்

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். பூநகரிப் பிரதேசத்தின் நாச்சிக்குடா முஸ்லிம்களும் அவர்களுள் அடங்குவர். பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில் கிடுகுக் கொட்டில்களில் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். அங்கு பிறந்த பிள்ளைகள் அங்கேயே பாடசாலை சென்று, திருமணம் முடித்து, பிள்ளைகளும் பெற்றுவிட்டார்கள்.

பூநகரியில் எஞ்சியிருந்த தமிழ் மக்களும் நிம்மதியாக இருக்கவில்லை. 1993 நவம்பரில் அங்கு பெரும் சமர் நடந்தது. 2008 நவம்பரில் இராணுவம் பூநகரியைக் கைப்பற்றிய போது மக்கள் வன்னியின் கிழக்குப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். அதே மாதத்தில்தான் நிஷா புயலின் மழை கொட்டியது. தறப்பாள்களின் கீழ் இருந்த மக்கள் மேல் ஷெல்லும் மழையும் சேர்ந்து விழுந்தன. போர் முடிந்து, முகாம்களில் அடைபட்டு, 2009இன் பிற்பகுதியிலிருந்துதான் அவர்கள் படிப்படியாக ஊர் திரும்பினார்கள்.

இந்தக் கட்டத்தில் ஒரு நிர்வாகச் சொல் பலரின் வீட்டைத் தீர்மானித்தது. 2008 ஏப்ரலுக்குப் பின்னர் இடம்பெயர்ந்தவர்கள் புதிய இடம்பெயர்ந்தோர் என்றும், அதற்கு முன்னர் இடம்பெயர்ந்தவர்கள் பழைய இடம்பெயர்ந்தோர் என்றும் பிரிக்கப்பட்டார்கள். முகாம்களில் இருந்தவர்களின் நிலை அவசரமானது. உதவிகள் முதலில் அவர்களை நோக்கிச் சென்றதில் தவறு காண முடியாது. ஆனால் 1990இல் வெளியேற்றப்பட்டவர்கள் பழையவர்கள் என்ற பட்டியலில் பின்னால் நின்றார்கள். முறை வருவதற்குள் பல திட்டங்களின் நிதி முடிந்துவிட்டது.

வீட்டுத்திட்டங்கள் வந்தபோது மற்றொரு முடிச்சு விழுந்தது. இந்தியா 50,000 வீடுகளுக்கு நிதி வழங்கியது. அதில் வடக்கு கிழக்குக்கான வீடொன்றுக்கு 5,50,000 ரூபா கட்டம் கட்டமாகக் கொடுக்கப்பட்டு, பயனாளிகளே கட்ட வேண்டியிருந்தது. இத்தகைய திட்டங்களில் பொதுவாகக் கேட்கப்படுபவை மூன்று. காணிக்கு ஆதாரம் இருக்க வேண்டும், வேறு இடத்தில் வீடு இருக்கக்கூடாது, ஊரில் நிரந்தரமாக வசிக்க வேண்டும். மூன்றும் நியாயமான நிபந்தனைகள்தான். ஆனால் புத்தளத்திலிருந்து திரும்பி வரும் குடும்பத்தின் நிலையை நினைத்துப் பாருங்கள். வீடு இல்லாததால் பிள்ளைகளைப் புத்தளத்திலேயே விட்டுவிட்டுத் தந்தை மட்டும் வந்து வாடியில் தங்கித் தொழில் செய்கிறார். குடும்பம் இங்கு இல்லை என்பதால் நிரந்தர வதிவிடம் இல்லை என்று பதியப்படுகிறது. வதிவிடம் இல்லை என்பதால் வீடு இல்லை. வீடு இல்லை என்பதால் குடும்பம் வருவதில்லை.

கிடைத்தவர்களுக்கும் பாதை இலகுவாக இருக்கவில்லை. சீமெந்து, மணல், கூலி எல்லாம் ஏறின. ஆண் துணை இல்லாத குடும்பத்தில் கல் சுமக்கவும் கூலி கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டை முடிக்க நகை அடகுக்குப் போனது, கடனும் வந்தது. கடனில் கட்டிய வீட்டில் அடுத்த வெள்ளம் வந்தால், விழுவது சுவராக இல்லாவிட்டாலும் குடும்பத்தின் வருமானம் விழும்.

சுனாமி முன்பே காட்டியது

இதெல்லாம் பூநகரிக்கு மட்டும் நேர்ந்த விபத்தா? கிழக்குக் கரை இல்லை என்றே சொல்கிறது. 2004இல் உயிரிழப்பு மிக அதிகமாக இருந்தது அம்பாறை மாவட்டத்தில். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது போன்ற முஸ்லிம் ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் நடுவில் ஒடுங்கிய கீற்றில் நெருங்கிக் கிடந்தன. கடற்கரைப் பக்கம் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் வேறு இடத்தில் காணி வாங்க இயலாதவர்கள். இறந்தவர்களில் பெண்களும் சிறுவர்களுமே அதிகம். காலை வேளையில் கரையோர வீட்டுக்குள் இருந்தவர்கள் அவர்கள்தான்.

பின்னர் அரசாங்கம் கடற்கரையிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் வரை வீடு கட்டத் தடை விதித்தது. பழுதுபார்க்கக்கூடிய நிலையிலிருந்த உல்லாச விடுதிகளுக்கு மட்டும் இடம் கொடுக்கப்பட்டது. மாற்றுக் காணியே இல்லாத ஒடுங்கிய ஊர்களுக்கு 200 மீற்றர் என்பது ஊரில் பெரும் பங்கு. இந்தத் தடை பிற்காலத்தில் தளர்த்தப்பட்டது. அதற்குள் நிதி வேறு இடங்களுக்குப் போய்விட்டிருந்தது.

2005 ஜூன் 24 அன்று அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் சுனாமி உதவிகளைப் பங்கிடும் பொதுக்கட்டமைப்பு உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. பிராந்தியக் குழுவில் முஸ்லிம்களுக்கு 3 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஆனால் மிக அதிகம் இழந்த சமூகங்களில் ஒன்றான முஸ்லிம்கள் கையெழுத்திடும் தரப்பாக இருக்கவில்லை. அடுத்த மாதமே உயர் நீதிமன்றம், கிளிநொச்சியில் அமையவிருந்த குழு அலுவலகம் உட்பட அதன் முக்கிய பகுதிகளை இடைநிறுத்தியது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அது எதையும் கொண்டுவராமலே முடிந்தது.

அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியுடன் 500 வீடுகள் கட்டப்பட்டன. யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2009இல் தீர்ப்பு வந்தும் வீடுகள் பகிரப்படவில்லை. கட்டி முடித்த வீடுகள் ஒரு தசாப்தத்திற்கும் மேலாக ஆளில்லாமல் காடு பற்றிக் கிடந்தன. பணம், காணி, வீடு மூன்றும் இருந்தன. யார் உரித்தாளி என்பதில் உடன்பாடு மட்டும் இருக்கவில்லை.

பத்திரம் இல்லாதவர் யார்?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைக் கடந்தபோது 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முழுமையாக அழிந்த வீட்டிற்கு 50 இலட்சம் ரூபா வரை வழங்குவதாக அரசாங்கம் அறிவித்தது. முன்னைய திட்டங்களோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை. ஆனால் வீட்டுக்குப் பணம் இருந்தாலும் அதைக் கட்டக் காணி வேண்டும். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவில் சிக்கிய தோட்டத் தொழிலாளர்கள் பல தலைமுறையாக லயன் அறைகளில் வாழ்ந்தும் காணிச் சொந்தக்காரர்கள் ஆகவில்லை. இவர்களின் உறவுகள் வன்னியிலும் உண்டு. மலையகத்திலிருந்து வன்முறைக்கு அஞ்சி 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளுக்குப் பின்னர் கிளிநொச்சிப் பகுதியில் குடியேறியவர்களில் பலர் நீண்டகாலம் பத்திரம் இல்லாமலேயே மண்ணைக் கொத்தினார்கள்.

ஆகவே பூநகரியில் பத்திரம் இல்லாதவர்கள் எல்லோரும் முஸ்லிம்கள் அல்லர். கணவரின் பெயரில் அனுமதிப்பத்திரம் இருந்து, அவர் காணாமல் ஆக்கப்பட்டதால் மாற்ற முடியாமல் நிற்கும் பெண் இருக்கிறார். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வாரிசு ஒழுங்கு 2022இல் திருத்தப்படும் வரை ஆண்களுக்கே முன்னுரிமை கொடுத்தது. போரில் பத்திரம் எரிந்துபோனவர் இருக்கிறார். 1990இல் ஒரு குடும்பமாக இருந்து இன்று நான்கு உப குடும்பங்களாகப் பெருகி, ஒரே காணியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். இன்னொருவரின் வளவில் கொட்டில் போட்டிருப்பவர் இருக்கிறார். வெள்ளம் வடிந்த பின்னர் கிராம உத்தியோகத்தர் கணக்கெடுக்க வரும்போது இவர்கள் அனைவரும் ஒரே வரிசையின் கடைசியில் நிற்கிறார்கள்.

அடுத்த மழைக்கு முன்னர்

நிவாரணம் என்றால் வெள்ளம் வந்த பின்னர் அரிசியும் பருப்பும் கொண்டு ஓடுவது என்றே நாம் பழகிவிட்டோம். அது வேண்டியதுதான். அதைவிடப் பெரிய வேலை வானம் வெளித்திருக்கும் மாதங்களில் இருக்கிறது.

முதலாவது, பத்திரம். 2016இல் நிறைவேற்றப்பட்ட ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம், போரினால் காணியை விட்டு வெளியேறியவர்களுக்கு எதிராகப் பிறர் பத்து வருட ஆட்சியைக் காட்டி உரிமை கோருவதைத் தடுக்க வந்தது. அதைப் பயன்படுத்துவதற்கான கால எல்லையைப் பலர் அறியாமலே கடந்துவிட்டார்கள். இந்தத் தவறு மீண்டும் நிகழாதிருக்க, நடமாடும் காணிச் சேவைகள் வரும்போது மக்களை அழைத்துச் செல்வதும், பிறப்பு, விவாகப் பதிவுகளையும் பழைய அனுமதிப்பத்திரங்களின் பிரதிகளையும் சேகரித்து வைப்பதும் ஊர் சங்கங்கள் செய்யக்கூடிய காரியம். சட்டத்தரணிகள் சிலர் வருடத்தில் இரண்டு நாட்களை இதற்கு ஒதுக்கினால் பல குடும்பங்களின் கதை மாறும்.

இரண்டாவது, கணக்கு. ஒவ்வொரு ஊரிலும் யார் கொட்டிலில் இருக்கிறார், யார் வாடகையில் இருக்கிறார், எந்த வீட்டில் முதியவரும் மாற்றுத்திறனாளியும் உள்ளனர், யாருடைய படகுக்கும் வலைக்கும் பதிவு இல்லை என்ற பட்டியல் அனர்த்தத்திற்கு முன்பே இருக்க வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகமும் கோயில் சபையும் தேவாலயமும் சேர்ந்து தயாரித்துப் பிரதேச செயலகத்திற்குக் கொடுத்த பட்டியலை ஒதுக்கித் தள்ளுவது இலகுவல்ல. தனித்தனியாகக் கொடுத்தால் அது ஓர் இனத்தின் கோரிக்கையாகப் பார்க்கப்படும். நுரைச்சோலைக்கு நேர்ந்தது நமக்கு எச்சரிக்கை.

மூன்றாவது, நமது ஸகாத். அது சென்றடைய வேண்டிய எட்டுக் கூட்டத்தாரில் கடனாளிகளும் உள்ளனர். வெள்ளத்தில் உடைமையை இழந்தவரையும் தீயில் வீட்டைப் பறிகொடுத்தவரையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்தே ஆரம்பகால விரிவுரையாளர் முஜாஹித் (ரஹ்) விளக்கியிருக்கிறார். வீடு கட்டிக் கடனில் மூழ்கிய பூநகரிக் குடும்பம் இந்த விளக்கத்திற்கு வெளியே நிற்கவில்லை. கூட்டு ஸகாத் நிதியங்கள் உணவுப் பொதிகளோடு நின்றுவிடாமல், பாதியில் நிற்கும் கூரையை முடிக்கவும் அடகிலிருக்கும் படகு இயந்திரத்தை மீட்கவும் ஒரு பங்கை ஒதுக்கலாம். ஸதகாவிலோ அயல்வீட்டுத் தமிழ்க் குடும்பத்தை விலக்க எந்தக் காரணமும் இல்லை.

நான்காவது, நமக்குள்ளேயே உள்ள ஏற்றத்தாழ்வு. புத்தளத்திலும் கொழும்பிலும் நிலைபெற்றுவிட்டவர்கள், பூநகரியில் உள்ள பெற்றோரின் காணியைப் பற்றைக்காடாக வைத்திருக்கிறார்கள். அதே ஊரில் அவர்களின் சகோதரியின் பிள்ளைகள் காணியின்றிக் கொட்டிலில் இருக்கிறார்கள். வாரிசுப் பங்கைப் பிரித்துப் பெண்களின் பெயரில் எழுதிக் கொடுக்காமல் தள்ளிப்போடும் குடும்பங்களும் குறைவல்ல. அரசாங்கத்திடம் நியாயம் கேட்கும் நாம், இந்த இடத்தில் யாரிடமும் மனுக் கொடுக்கத் தேவையில்லை.

வடகீழ்ப் பருவமழை ஒக்டோபரில் தொடங்கும். அதற்கு முன்னர் பூநகரியில் எத்தனை கொட்டில்களுக்குச் சுவர் எழுகிறது, எத்தனை குடும்பங்களின் கையில் பத்திரம் சேர்கிறது என்பதைப் பொறுத்தே அந்த மழை சில நாள் சிரமமாகக் கடக்குமா, இன்னொரு இடப்பெயர்வாக மாறுமா என்பது அமையும். மழை அல்லாஹ்வின் நாட்டம். கூரையும் பத்திரமும் நமது பொறுப்பு.